செந்தூரப் பால்

2000 ஜனவரி 2, ஞாயிறு

ஸ்ரீராமஜெயம்.

ஆஞ்சநேயா, இந்த வருஷத்து டைரி பெரியது. பெட்ரோல் பங்க் முதலாளி தம்பிக்குக் கொடுத்தார். அவனுக்கு எழுத நேரமேது, நான் எடுத்துக்கொண்டேன். போன வருஷம் பக்கம் பக்கமாக ஸ்ரீராமஜெயம் மட்டும் எழுதினேன். இந்த வருஷம் பாதிப் பக்கம் அதை எழுதிவிட்டு, மிச்ச இடத்தில் உன்னிடம் பேசலாம் என்று இருக்கிறேன். வீட்டில் நான் வாயைத் திறந்தால் எல்லாரும் எழுந்து போய்விடுகிறார்கள். நீ கல்லாக நிற்கிறவன், எங்கே போய்விடப் போகிறாய்.

எட்டாவது வரைக்கும் படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உனக்கு எங்களைத் தெரியும், இருந்தாலும் முறையாகச் சொல்லிவிடுகிறேன். நான் முனிரத்னம்மா. அவர் போன பிறகு தம்பி திம்மராயன் வீட்டோடு வந்துவிட்டேன். கிருஷ்ணகிரி பைபாஸில் பெட்ரோல் பங்க்கை ஒட்டித்தான் அவனுடைய மெக்கானிக் ஷெட். ஷெட்டுக்குப் பின்னால் வீடு. அவன் பெண்டாட்டி சுகுணா. மகள் ஹேமா, இரண்டாம் வகுப்பு. அவ்வளவுதான் குடும்பம். காலையில் எழுந்தால் பெட்ரோல் வாசனை, படுத்தாலும் பெட்ரோல் வாசனை. களியில்கூட அந்த வாசனைதான்.

ஜனவரி 4, செவ்வாய்

ஷெட் வாசலில் இன்று ஒரு வேன் டிரைவர். "கார்பரேட்டர ரிப்பேர் பண்ணச் சொன்னா அடுப்பு பத்த வெச்சிருக்கியா, இந்தப் புகை புகையுது" என்றான். தம்பி கையில் இருந்த ரிங் ஸ்பேனரால் வாயிலேயே ஒன்று போட்டான். ஆள் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவனை மறுபடி இரண்டு. பக்கத்து ஷெட்டில் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிற ஜாபர் ஓடி வந்து பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான். "அண்ணே, செத்துடுவான் அண்ணே, விடு!"

நான் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வாசலைக் கழுவினேன். பல் ஒன்று கிடந்தது. துடைப்பத்தால் தள்ளிவிட்டேன்.

அந்த டிரைவர் பேசின பேச்சும் சரியில்லை. தம்பி சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் கோபக்காரன்.

ராகி அரைத்து வந்தேன். மில்லில் கூட்டம்.

ஜனவரி 6, வியாழன்

உன் ஜெயந்தி. விடியும் முன்னே குளித்து, உளுந்து ஆட்டி, வடை தட்டி, மாலை கோத்து எடுத்து வந்தேன். நீயே பார்த்தாயே. பழைய காப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுச் செந்தூரம் சாத்தியிருந்தார்கள். என்ன நிறம், என்ன நிறம்! பூசாரி எனக்கென்று ஒரு டப்பா நிறையக் கொடுத்தார். "வீட்டுல இருக்கறவங்களுக்கு நெத்தியில வெச்சு விடும்மா, சாந்தமாயிடுவாங்க" என்றார். டிரைவர் சமாசாரம் கோயில் வரைக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது.

சுகுணா வரவில்லை. உதடு கிழிந்து வீங்கியிருந்தது. கதவில் இடித்துக்கொண்டாள் என்று பூசாரியிடம் சொன்னேன். உன்னிடமும் அப்படியே சொல்கிறேன்.

திரும்பி வரும்போது ஜாபர் டப்பாவை எட்டிப் பார்த்தான். "அக்கா, உங்க சாமிக்கும் ப்ரைமர் அடிக்கிறாங்களா? நான் கிரில் கேட்டுக்கு அடிக்கிற சிவப்பு மாதிரியே இருக்குது."

"போடா, உன் கேட்டும் எங்க சாமியும் ஒண்ணா?"

"கோச்சுக்காதீங்க. ஒரு வடை குடுத்துட்டுப் போங்க."

இரண்டாகக் கொடுத்தேன்.

ஜனவரி 20, வியாழன்

இன்று ஒரே திருவிழாக் கூட்டம். சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மா, அவரோடு டாக்டருக்குப் படிக்கிற பெண்கள் இரண்டு பேர். பங்க்கில் வேலை செய்கிறவர்கள், மெக்கானிக்குகள், அவர்கள் வீட்டுப் பெண்டு பிள்ளைகள், எல்லாரிடமும் ரத்தம் எடுத்தார்கள். பிப்ரவரி ஒன்றாம் தேதி முதல் நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல்தான் விற்பார்களாம். ஈயம் போனதும் ரத்தத்தில் அது குறைகிறதா என்று பார்க்க மறுபடி வருவார்களாம்.

பெட்ரோலில் ஈயம் கலக்கிறார்கள் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். "அதனால என்னம்மா, நாங்க ஈயச் சொம்புல ரசம் வெச்சுச் சாப்பிட்டவங்கதானே" என்றேன்.

"அது வெள்ளீயம் பாட்டி. இது காரீயம். விஷம்" என்றாள் அந்தப் பெண்களில் ஒருத்தி.

பாட்டியாம். எனக்கு இன்னும் அறுபதுகூட ஆகவில்லை.

அப்போது தம்பி ஒரு வண்டி டாங்கில் குழாயை விட்டு, மறு முனையில் வாயை வைத்து உறிந்து, வந்ததை 'தூ' என்று துப்பினான். டாக்டரம்மா பதறிவிட்டார். "ஐயோ, இப்படித்தான் தினமும் எடுப்பீங்களா?"

"எங்கம்மா பால் குடிச்சதவிட இதத்தான் அதிகம் குடிச்சிருக்கேன்" என்று சிரித்தான். கை கழுவுவதும் பெட்ரோலில்தான். கார்பரேட்டர் ஜெட்டை ஊதுவதும் வாயால்தான். டாக்டரம்மா அவன் ஈறைப் பார்த்தார். அடிக்கடி வயிறு முறுக்குமா என்று கேட்டார். "முறுக்கும்." தூக்கம்? "வராது." பிறகு சுகுணாவைப் பார்த்தார். உதட்டுத் தழும்பைப் பார்த்தார். "கோவம் அதிகமா வருமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்த விஷம் மூளைக்குப் போனால் கோபம் வருமாம். பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாதாம். வயிற்றில் இருப்பது தங்காதாம். சுகுணாவுக்கு ஹேமாவுக்குப் பிறகு இரண்டு தங்கவில்லை. அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப எங்க தம்பி கோவக்காரன் இல்லையா, பெட்ரோல்தான் கோவக்காரனா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான்.

ஆஞ்சநேயா, அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று.

பிப்ரவரி 1, செவ்வாய்

புதுப் பெட்ரோல் வந்துவிட்டது. பம்ப்புக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார்கள். பெட்ரோல் பங்க்கில் கற்பூரம்! முதலாளி ஓடி வந்து ஊதி அணைத்தார்.

மத்தியானத்துக்குள் அடிதடி. பழைய ஸ்கூட்டர்காரர் ஒருவர், "ஈயம் இல்லாத பெட்ரோல் ஊத்தினா வால்வு தீஞ்சுடும்னு சொல்றாங்களே, எவன் தருவான் எனக்குப் புது இன்ஜின்?" என்று பங்க் பையன் சட்டையைப் பிடித்தார். பின்னால் நின்ற வாடகைக் கார்க்காரரும் சேர்ந்துகொண்டார். பையன் ஹோஸைச் சுழற்றினான். பித்தளை மூக்கு கார்க்காரர் புருவத்தில் பட்டு ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது.

தம்பி நடுவில் போனான். நான் கண்ணை மூடிக்கொண்டு உன் பெயரைச் சொன்னேன். திறந்து பார்த்தால், அவன் இரண்டு பேரையும் பிரித்து உட்கார வைத்து, "சார், உங்க ஸ்கூட்டர் வால்வுக்கு நான் கேரண்டி. தீஞ்சா என்கிட்ட வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

திம்மராயனா இது!

டாக்டரம்மா கொடுத்துவிட்டுப் போன கைப் பம்ப்பால்தான் இப்போது பெட்ரோல் எடுக்கிறான். வாய் வைப்பதில்லை. கை கழுவ சோப்பு வாங்கி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 12, சனி

வீட்டில் சத்தமே இல்லை. ராத்திரி நன்றாகத் தூங்குகிறான். இரண்டு உருண்டை களி சாப்பிடுகிறான். நேற்று சுகுணாவுக்கு மல்லிகைப் பூ வாங்கி வந்தான். அவள் அதைத் தலையில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் மாதிரி கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அவள் மாசமாக இருக்கிறாள். இன்றுதான் என்னிடம் சொன்னாள்.

பெட்ரோல் மாறினதால்தான் இவன் மாறினான் என்கிறாள் சுகுணா. எனக்குத் தெரியாதா? ஜெயந்தியிலிருந்து தினம் அவன் நெற்றியில் செந்தூரம் வைத்து வருகிறவள் நான். கவர்மென்ட்டா வந்து வைத்தது?

நெற்றியில் வைத்ததற்கே இவ்வளவு என்றால் உள்ளுக்குப் போனால் எவ்வளவு! இன்று சனிக்கிழமை, உனக்கு உகந்த நாள். இன்று முதல் காலைப் பாலில் ஒரு சிட்டிகை கலந்து மூன்று பேருக்கும் கொடுப்பதென்று வேண்டிக்கொண்டேன். தம்பிக்குச் சாந்தம் நிலைக்க. சுகுணாவுக்கு வயிற்றில் இருப்பது தங்க. ஹேமாவுக்குப் படிப்பு வர.

எனக்குக் கிடையாது. தாலி இறங்கினவளுக்குச் சிவப்பு ஆகாது. ஸ்பூனால்தான் எடுக்கிறேன்.

சுகுணா ஒரு வாய் குடித்துவிட்டு, "நாக்குல இரும்பு மாதிரி இருக்குது அண்ணி" என்றாள். பிரசாதத்துக்கு ருசி பார்க்கலாமா? வெல்லம் போட்டுக் கொடுத்தேன்.

பிப்ரவரி 26, சனி

அப்பளம் காய வைத்தேன். பால் மூன்று டம்ளர். உன் கிருபை.

மார்ச் 9, வியாழன்

பங்க் நாய் செத்துப்போயிற்று. சும்மா குரைத்துக்கொண்டிருந்தது. தம்பி ஜாக்கி ராடை எடுத்துக்கொண்டு போனான். குரைப்பது நின்ற பிறகும் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஜாபர்தான் குழி வெட்டினான். என்னைப் பார்க்கவில்லை.

வயிறு மறுபடி முறுக்குகிறதாம். கை நடுங்குகிறது. ஸ்க்ரூ டிரைவர் பிடி நிற்கவில்லை. வாயால் பெட்ரோல் உறிந்தாயா என்று கேட்டேன். "அந்தச் சனியன விட்டு ஒரு மாசமாச்சு அக்கா. குழந்தை மேல சத்தியம்" என்றான். அவன் பொய் சொல்வதில்லை.

கண் திருஷ்டிதான். பூ வாங்கி வந்ததை ஊரே பார்த்தது. ஒரு சிட்டிகை போதவில்லை. இரண்டாக்கினேன்.

மார்ச் 21, செவ்வாய்

ஹேமாவின் டீச்சர் வரச் சொல்லியிருந்தார். போனேன். "பொங்கல் வரைக்கும் எழுத்துக் கூட்டிப் படிச்சா. இப்ப எழுத்தையே மறந்துட்டு வர்றா. வகுப்புல வயித்தப் பிடிச்சுக்கிட்டு சுருண்டு படுத்துக்கிறா" என்றார்.

வீட்டுக்கு வந்து நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன், என் வாய் அப்படி. தம்பி சிலேட்டை எடுத்து 'ப' போடு என்றான். பிள்ளை என்னைப் பார்த்தது. போடத் தெரியவில்லை. பின்னந்தலையைப் பிடித்துச் சுவரில்—

மஞ்சள் வைத்துக் கட்டினேன். ரத்தம் நின்றுவிட்டது. சிலேட்டுச் சட்டம் இரண்டாகப் போயிற்று.

சுகுணா அரிவாள்மனையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். "இன்னொரு வாட்டி எம்பொண்ணத் தொட்டுப் பாரு." மாசமாக இருக்கிறவள். அவன் அவள் மணிக்கட்டை முறுக்கி அரிவாள்மனையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தான். பிறகு சமையலறை மூலையில் உட்கார்ந்து அழுதான். "எனக்கு என்னக்கா ஆவுது? தலைக்குள்ள யாரோ ரேஸ் குடுத்துக்கிட்டே இருக்கான் அக்கா."

மடியில் சாய்த்துக்கொண்டேன். ஒரு டம்ளர் பால் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இது ஒண்ணுதான் அக்கா எனக்குத் துணை" என்றான்.

கேட்டாயா ஆஞ்சநேயா?

ஏப்ரல் 8, சனி

தங்கவில்லை.

கை கால் எல்லாம் உருவாகியிருந்தது. ஆண். பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்தார்கள். தம்பியும் ஜாபரும் கொண்டுபோனார்கள்.

ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். இந்த இரண்டு வாரமாக அவன் அவள்மேல் கை வைக்கவில்லை. அப்படியென்றால் இதை யார் செய்தது என்று எனக்குப் புரியவில்லை.

ஏப்ரல் 9, ஞாயிறு

ஸ்ரீராமஜெயம் மட்டும்.

ஏப்ரல் 27, வியாழன்

டாக்டரம்மா மறுபடி வந்தார். எல்லாரிடமும் ரத்தம் எடுத்தார்கள். சுகுணா கையை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். வயிற்றில் இருந்தது என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை, பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

புதுப் பெட்ரோலால் ஒரு வண்டியின் வால்வும் தீயவில்லை. சண்டை போட்ட ஸ்கூட்டர்காரர் பங்க் பையனுக்கு டீ வாங்கிக் கொடுக்கிறார்.

மே 13, சனி

டாக்டரம்மா இன்று தனியாக வந்தார். வீட்டுக்குள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். மோர் கொடுத்தேன். தம்பி கிருஷ்ணகிரிக்கு ஸ்பேர் வாங்கப் போயிருந்தான். சுகுணா ஹேமாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

பங்க்கில் எல்லாருக்கும் ரத்தத்தில் ஈயம் குறைந்திருக்கிறதாம். பெட்ரோல் ஊற்றுகிற பையன்களுக்கும், மற்ற மெக்கானிக்குகளுக்கும், ஜாபருக்கும்கூடக் கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம். "இந்த ஒரு வீட்டுல மட்டும் ஏறியிருக்குது. உங்க தம்பிக்கு முன்னால இருந்ததவிட ரெண்டு மடங்கு. சுகுணாவுக்கும் குழந்தைக்கும் அப்படித்தான்."

"அய்யய்யோ" என்றேன்.

"உங்களுக்கு மட்டும் குறைஞ்சிருக்கு."

எனக்கு என்று சொன்னதும் என்னையறியாமல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இதே வீடு, இதே தண்ணி, இதே சாப்பாடு. அவங்க மூணு பேரும் சாப்பிட்டு, நீங்க சாப்பிடாத பொருள் ஏதாவது இருக்கா? நாட்டு மருந்து, லேகியம், ஏதாவது?"

"இல்லம்மா. ஒரே உலைதான். எல்லாருக்கும் ஒரே களிதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"மருந்துன்னு ஒண்ணும் இல்லம்மா."

சுகுணாவின் கை பின்னலில் நின்றது. மறுபடி பின்னத் தொடங்கிற்று.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அது மருந்து இல்லையே.

மே 14, ஞாயிறு

ஜாபர் ஒரு இரும்பு கேட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மூக்கில் துணி கட்டியிருந்தான். பக்கத்தில் ஒரு டப்பாவில் சிவப்புப் பொடி. எண்ணெயில் குழைத்து அடிப்பானாம், துரு பிடிக்காதாம்.

"எதுக்குடா மூக்கக் கட்டியிருக்கே?"

"ரெட் லெட் அக்கா. காரீயத்தச் சுட்டுப் பொடி பண்றது. உள்ள போச்சுன்னா ஆபத்து."

"சாமிக்குச் சாத்தற செந்தூரத்தையும் இதையும் ஒண்ணுன்னு சொன்னியே அன்னைக்கு?"

"வெளையாட்டுக்குச் சொன்னேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியை இறக்கினான். "ஏன் அக்கா? கடையில ரெண்டும் ஒரே மூட்டையிலிருந்துதான் அள்ளிக் குடுப்பான். சாமி மேல பூசறதுக்குத்தானே, அதனால என்ன."

"ஒண்ணுமில்ல" என்றேன்.

வெயில் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தேன்.

மே 16, செவ்வாய்

இரண்டு நாளாகப் பால் காய்ச்சுகிறேன், அதில் எதுவும் போடவில்லை.

டப்பாவை என்ன செய்வது? குப்பையில் போட முடியுமா, உன்மேல் இருந்தது. காலில் மிதிபட்டால் பாவம். ஏரியில் கரைக்கலாம் என்று கரை வரை போனேன். அங்கே பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து ராகி மாவுப் பானையில் அடியில் புதைத்து வைத்தேன். ஒரு நல்ல நாள் பார்த்து ஏதாவது செய்யலாம்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? நிறுத்திவிட்டேன் அல்லவா. நீ இருக்கிறாய், தானாகச் சரியாகிவிடும்.

மே 18, வியாழன்

தம்பி காலையில் டம்ளரை வாங்கிப் பார்த்தான். "செகப்பு எங்க?"

"தீந்துபோச்சுப்பா."

"நாலு நாளா வெறும் பாலக் குடுக்கற. அதான் எனக்கு நரம்பெல்லாம் இழுக்குது. டப்பா நெறைய இருந்துச்சே அக்கா, நான் பாத்தேன்." அலமாரியைக் கலைத்தான். சாமி படங்களைத் தள்ளினான், கண்ணாடி நொறுங்கிற்று. பிறகு சுகுணா பக்கம் திரும்பினான். "நீதானடி இரும்பு மாதிரி இருக்குதுன்னு மூஞ்சியச் சுளிச்சவ. நீதான் எடுத்துக் கொட்டின."

"நான் தொடல" என்றாள்.

"என் சாமியக் கொட்டிட்டியாடி?"

தலைமயிரைப் பிடித்து ஷெட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனான். ஹேமா கத்திக்கொண்டே ஓடியது. நான் பின்னாலே போனேன். அவளை வண்டிக்கு அடியில் தள்ளி, இடுப்பில் மிதித்தான். வயிற்றில் மிதித்தான். போன மாதம் பெற்ற வயிறு. அவள் என்னையே பார்த்தாள். "அண்ணி, சொல்லுங்க. நான் எடுக்கலன்னு சொல்லுங்க."

வாய் ஓயாதவள் என்று என்னை ஊரே சொல்லும். ஒரு வார்த்தை வரவில்லை, ஆஞ்சநேயா. நான்தான் எடுத்தேன் என்ற இரண்டு வார்த்தைதான். அதைச் சொன்னால் ஏன் எடுத்தாய் என்பான். ஏன் என்று சொன்னால் அந்தப் பழைய வேட்டியில் சுற்றினதையும் சொல்ல வேண்டும்.

அவன் சுத்தியலை எடுத்தான்.

தரையில் வீல் ஸ்பேனர் கிடந்தது. கனம்.

தம்பி கிரீஸில் வழுக்கி விழுந்தான். தலை வண்டியின் பம்பரில் பட்டது. போலீஸ் வந்து கேட்டபோது இப்படித்தான் சொன்னேன். சுகுணாவும் "ஆமாங்க, வழுக்கிட்டார்" என்றாள். ஜாபர் வீல் ஸ்பேனரைக் கழுவி எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனான்.

மே 20, சனி

உயிருக்கு ஆபத்தில்லை. சேலம் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். மண்டையில் தையல். ரத்தத்திலிருந்து ஈயத்தை வெளியே எடுக்க ஊசி போடுகிறார்கள். டாக்டரம்மாதான் ஏற்பாடு செய்தார். வலது கை மணிக்கட்டு தொங்கிவிட்டது, அதுவும் ஈயத்தால்தானாம், தூக்க முடியவில்லை. ஸ்பேனர் இனிப் பிடிப்பானோ என்னவோ.

என்னைப் பார்த்து, "விழுந்தது எனக்கு ஞாபகமே இல்லக்கா" என்றான். குழந்தை மாதிரி.

உன் கோயிலுக்குப் போகவில்லை.

மே 30, செவ்வாய்

மத்தியானம் சுகுணா களி கிண்ட மாவு எடுக்கப் போனாள். நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். மாவுப் பானைச் சத்தம் கேட்டது. அப்புறம் அடுப்புப் பற்ற வைக்கும் சத்தம் மட்டும் வந்தது.

ஒரு டம்ளர் பாலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். சிவந்திருந்தது. கையில் டப்பா, மேலெல்லாம் மாவு.

"குடிங்க அண்ணி."

"என்னம்மா இது?"

"சாமிப் பால். எங்களுக்கு மூணு மாசம் ஊத்துனீங்க இல்ல? வெல்லம்கூடப் போட்டிருக்கேன்."

"எனக்குச் சிவப்பு ஆகாதும்மா."

"எனக்கு ஆச்சா? எம்பொண்ணுக்கு ஆச்சா? வேட்டியில சுத்திக் குடுத்தாங்களே, அவனுக்கு ஆச்சா?" குரலே உயரவில்லை. "டாக்டரம்மா கேட்டப்பவே எனக்குச் சந்தேகம். நீங்க சொல்லுவீங்கன்னு பின்னல விடாமப் பிடிச்சிட்டிருந்தேன். அவர் என்ன மிதிக்கிறப்பவும் உங்க வாயத்தான் பாத்துட்டிருந்தேன். அடிச்சீங்களே தவிர, சொன்னீங்களா?"

நான் டம்ளரை எடுத்தேன். நிஜமாகவே குடிக்கத்தான் எடுத்தேன், நீ சாட்சி. உதட்டில் பட்டது. இரும்பு மாதிரிதான் இருந்தது.

அவள் புறங்கையால் ஓங்கி அடித்தாள். டம்ளர் பறந்து சுவரில் மோதிற்று. என் உதடு கிழிந்தது. பால் தரையில் ஓடி, உட்கார்ந்திருந்த ஹேமாவின் பாவாடையை நனைத்தது. பிள்ளை அதைக் கையால் துடைக்கப் போனது. சுகுணா பாய்ந்து போய்க் கையைப் பிடித்து, சோப்பு போட்டு, விரல் விரலாகக் கழுவினாள். கழுவிக்கொண்டே என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"இந்த வீட்டுல சுத்தமான ரத்தம் உங்க ஒருத்தர் உடம்புலதான் ஓடுது. அதையும் கெடுத்துட்டு நான் என்ன பண்றது? இவளுக்கு எழுத்தெல்லாம் போச்சு. நான் பள்ளிக்கூடம் போனதில்ல. நீங்கதான் எட்டாவது படிச்சவங்க. தினமும் இவளப் பக்கத்துல உக்கார வெச்சுச் சொல்லிக் குடுங்க. வர்ற வரைக்கும் சொல்லிக் குடுங்க. வரலைன்னா நீங்க சாகுற வரைக்கும் சொல்லிக் குடுங்க."

"சரிம்மா."

"அதுக்கு முன்னால டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணி நீங்களே உங்க வாயால சொல்லுங்க. பூசாரிகிட்டயும் சொல்லுங்க, இன்னும் எத்தன வீட்டுக்கு டப்பா போயிருக்கோ. அவர் வந்ததும் அவர்கிட்டயும் சொல்லுங்க."

"அவன்கிட்டயுமா?"

"பயமா இருந்தா என்னக் கூப்பிடுங்க. ஸ்பேனர் எங்க இருக்குன்னு எனக்கும் தெரியும்."

மே 31, புதன்

எஸ்டிடி பூத்திலிருந்து பேசினேன். பூத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. டாக்டரம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "டப்பாவத் தொடாம வைங்க, நான் வந்து வாங்கிக்கறேன்" என்றார்.

பூசாரி என்னைத் திட்டினார். தெய்வக் குற்றம் என்றார். நெற்றியில் வைக்கத்தானே கொடுத்தேன் என்றார். உன்னைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். தலை முதல் கால் வரை அதையே பூசிக்கொண்டு நிற்கிறாய். உனக்கு ஒன்றும் ஆவதில்லை.

ஜூன் 5, திங்கள்

தம்பியிடம் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கேட்டான். அடிப்பான் என்று நினைத்தேன். தொங்குகிற கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "நாயி சும்மாதானே குரைச்சுது" என்றான்.

ஜூன் 12, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. ஹேமாவை மறுபடி இரண்டாம் வகுப்பிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். அவளுக்கும் சுகுணாவுக்கும் மாத்திரை நடக்கிறது.

சிலேட்டு உடைந்துபோனதால் இந்த டைரியைத்தான் கொடுத்தேன். ஸ்ரீராமஜெயம் எழுதுகிற பாதியில் அவள் எழுதுகிறாள். இன்று 'ப' போடச் சொன்னேன். கவிழ்த்துப் போட்டாள். விரலைப் பிடித்துக்கொண்டு மறுபடி போட வைத்தேன். விட்டதும் மறுபடி கவிழ்ந்தது.

"போதுமா அத்தை?" என்றாள்.

"இன்னும் ஒண்ணு போடு கண்ணு" என்றேன்.